மலைமேல் ஷட்டில்: கோளாறு பேட்டிலா, காக்கிலா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஷட்டில் ஆடுகிறவர்களிடம் பேட்டை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், "கைக்கு செட் ஆகலை" என்ற ஒரே பதில்தான் வரும். எது செட் ஆகவில்லை? கிளியர் (எதிராளியின் பின்கோட்டுக்கு உயரமாக அனுப்பும் அடி) எட்டவில்லையா, எல்லாம் கோட்டைத் தாண்டிப் போகிறதா, டிபன்ஸில் கை பிந்துகிறதா, தோள் வலிக்கிறதா? இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் கோளாறு பிடிபடும். பல நேரம் அது பேட்டில் இருக்காது. நாம் அடிக்கும் இறகுப் பந்தான காக்கிலோ, ஸ்ட்ரிங்கிலோ, கிரிப்பிலோ இருக்கும். இவை மூன்றும் குறைந்த செலவில் சரிசெய்யக்கூடியவை. அதனால் பார்க்கிற வரிசையும் அதுவேதான்: முதலில் காக், அப்புறம் ஸ்ட்ரிங், அப்புறம் கிரிப், கடைசியில்தான் பேட்.

பேட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

கீழே சொல்லும் எதுவும் விளங்க வேண்டுமென்றால் உங்கள் பேட்டைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது எடை. கைப்பிடிக்கு மேலே இருக்கும் கூம்பில் பொடி எழுத்தில் 4யூ ஜி5 என்பதுபோல அச்சிட்டிருக்கும். யோனெக்ஸ் கணக்கில் 2யூ என்றால் 90 முதல் 94.9 கிராம், 3யூ 85 முதல் 89.9, 4யூ 80 முதல் 84.9, 5யூ 75 முதல் 79.9. எண் ஏற ஏற எடை இறங்கும். ஸ்ட்ரிங்கும், நீங்கள் மேலே சுற்றிய கிரிப்பும் இதில் சேராது. ஜி-க்குப் பின்னால் வரும் எண் கைப்பிடியின் பருமன். அங்கேயும் தலைகீழ்க் கணக்குதான்: ஜி4-ஐ விட ஜி5 ஒல்லி. எல்லாக் கம்பெனியும் இதே குறியீட்டைப் பின்பற்றுவதில்லை. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் கையில் பிடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, எடை எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்பது. ஒரு பென்சிலை மேசையில் வைத்து அதன்மேல் பேட்டைக் குறுக்கே நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கைப்பிடியின் அடியிலிருந்து ஸ்கேலால் அளங்கள். சுமார் 285 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் ஹெட் லைட் (தலை லேசு), 295-க்கு மேலே என்றால் ஹெட் ஹெவி (தலை கனம்), நடுவில் நின்றால் ஈவன் பேலன்ஸ். மொத்த எடையை விட இந்த அளவுதான் கைக்கு அதிகம் உறைக்கும். ஹெட் ஹெவியாக இருக்கும் 4யூ பேட், ஹெட் லைட்டாக இருக்கும் 3யூ பேட்டை விடக் கனமாகத் தோன்றுவது இதனால்தான்.

மூன்றாவது ஷாஃப்ட்டின், அதாவது கைப்பிடிக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும் தண்டின், விறைப்பு. ஃப்ளெக்ஸிபிள், மீடியம், ஸ்டிஃப், எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் என்று எழுதுவார்கள். இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் ஸ்டிஃப்பாக இருக்கலாம். ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் ஃப்ரேமின் உச்சியையும் பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். லேசாக என்றால் லேசாகத்தான், கடைக்காரர் முகம் மாறும் அளவுக்கு வேண்டாம்.

"எப்படி அடித்தாலும் கோட்டுக்கு வெளியே போகிறது"

மலையில் கேட்கும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். பேட்டைத் தொடவே தொடாதீர்கள். இது காக்கின் வேலை, இன்னும் சரியாகச் சொன்னால் காற்றின் வேலை.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். காக்கை நிறுத்துவது அதன் இறகுப் பாவாடையில் மோதும் காற்று. காற்று லேசானால் காக் நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். குன்னூர் சுமார் 1850 மீட்டர், அங்கே கொஞ்சம் குறைவு. கூடலூர் ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டும், அங்கே இன்னும் குறைவு. ஆனால் மூன்று ஊரிலும் சமவெளியை விட காக் வேகம்தான்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். காக் டப்பாவின் பக்கவாட்டில் ஒரு வெப்பநிலை அட்டவணை இருக்கும். யோனெக்ஸில் வேகம் 1 முதல் 5 வரை. 1 என்பது 33 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலுக்கு, 3 என்பது 22 முதல் 28 டிகிரிக்கு, 5 என்பது 12 முதல் 18 டிகிரிக்கு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, காக் அதில் மெதுவாகப் போகும், அதனால் குளிருக்கு வேகமான காக் என்பது அட்டவணையின் கணக்கு. தவறில்லை. ஆனால் அதில் உயரம் சேரவில்லை. "நம்ம ஊர்ல காலையில 12 டிகிரிதானே" என்று ஊட்டிக்காரர் 5-ஆம் எண்ணையோ, நைலான் காக் என்றால் சிவப்புப் பட்டை போட்டதையோ வாங்கிக்கொண்டு வருகிறார். முதல் லிஃப்ட்டே (கீழிருந்து தூக்கி அடிப்பது) பின்சுவரில் போய் முட்டுகிறது.

கணக்குப் போட்டால், டிசம்பர் விடியலில் உறைபனி விழுந்து கிடக்கும்போது ஊட்டியில் இருக்கும் காற்று, மே மாத மதியம் சென்னையில் இருக்கும் காற்றை விட லேசு. குளிர் அடர்த்தியைக் கூட்டுவது கொஞ்சம்தான், உயரம் குறைப்பது நிறைய. ஆகவே ஊட்டியில் எந்த மாதம் ஆனாலும் கிடைப்பதிலேயே மெதுவான காக்தான் வாங்க வேண்டும். இறகு காக்கில் 75, 76, 77 என்று கிரெயின் என்ற எடைக் கணக்கில் எண் போட்டிருந்தால் 75, அதற்கும் கீழே கிடைத்தால் இன்னும் நல்லது. நைலானில் பச்சைப் பட்டை. நீலம் நடு வேகம், சிவப்பு அதிவேகம், இரண்டும் நமக்கு வேண்டாம். ஊர்க் கடைகளில் 77 அடுக்கி வைத்திருப்பார்கள், 75 கேட்டால் தேட வேண்டியிருக்கும். நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டியாகச் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

சந்தேகம் இருந்தால் சோதித்துவிடுங்கள். விதியிலேயே வழி இருக்கிறது. பின்கோட்டுக்கு நேர் மேலே காக் படும்படி நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில், பக்கக் கோட்டுக்கு இணையாக அடியுங்கள். சரியான வேகமுள்ள காக், எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் முன்னால் விழ வேண்டும். கோட்டைத் தாண்டினால் காக் வேகம். இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்தும் அடித்துப் பாருங்கள். திறந்தவெளி சிமெண்ட் தரையில் காற்று ஒரு பக்கமாக வீசினால் ஒருவர் அடித்ததை வைத்து முடிவு செய்ய முடியாது.

மெதுவான காக் கிடைக்கவே இல்லையென்றால் பழைய கைவேலை ஒன்று உண்டு. 16 இறகில் ஒன்றுவிட்டு ஒன்றின் நுனியை மட்டும் வெளிப்பக்கமாக மடக்கிவிட்டால் வேகம் தட்டும். பயிற்சியில் எல்லோரும் ஒப்புக்கொண்டு செய்வது வேறு. போட்டி நடுவில் ஆட்டக்காரர் காக்கின் வேகத்தை மாற்றக் கை வைத்தால் அது விதிமீறல், எச்சரிக்கையோ ஃபால்ட்டோ வரும்.

"மேலே நன்றாக ஆடுகிறேன், கோவை போனால் ஒன்றும் எட்டவில்லை"

மேலே சொன்னதன் மறுபக்கம். மலையில் லேசான காற்றில் பழகிய கை, அரை வீச்சிலேயே கிளியர் பின்கோட்டைத் தொடுவதைப் பார்த்துப் பழகியிருக்கும். மேட்டுப்பாளையம் இறங்கியதும் காற்று தடிக்கிறது, அதே வீச்சில் அடித்த கிளியர் கோர்ட் நடுவில் எதிராளியின் ஸ்மாஷுக்கு வாகாகப் போய் நிற்கிறது. பேட் மாறவில்லை, டென்ஷன் (ஸ்ட்ரிங்கின் இறுக்கம், பவுண்டில் சொல்வார்கள்) மாறவில்லை.

போட்டிக்குப் போகிறவர்கள் கீழே போய் ஒரு நாள் முன்னதாக ஆடிப் பார்ப்பதுதான் நல்ல மருந்து. அது முடியாதென்றால் கீழே கொண்டுபோகும் பேட்டில் ஸ்ட்ரிங்கை ஓரிரண்டு பவுண்டு குறைத்துப் போட்டு வையுங்கள், அது காக்கைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும். கோவை வெயிலில் மூடிய காரில் பேட்டை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். சூட்டில் ஸ்ட்ரிங் தளர்ந்துபோகும், நீங்கள் எண்ணிப் போட்ட கணக்கெல்லாம் வீண்.

"மலையிலேயே கிளியர் பாதியில் விழுகிறது"

இதுதான் கவனிக்க வேண்டிய புகார். லேசான காற்றில் கூடக் காக் பின்கோட்டுக்குப் போகவில்லை என்றால் ஏதோ ஒன்று உங்கள் வலுவைத் தின்றுகொண்டிருக்கிறது. மூன்று இடத்தில் தேடலாம்.

முதலில் விரல்கள். காலை ஆறு மணிக்கு, வாயிலிருந்து ஆவி வரும் குளிரில் கோர்ட்டுக்கு வந்தவரின் கையைப் பாருங்கள். விரல் விறைத்திருக்கும், பேட்டை இறுகப் பற்றியிருப்பார், முட்டி வெளுத்திருக்கும். ஷட்டிலில் வலு வருவது, தளர்வாகப் பிடித்த கை காக்கைத் தொடும் நொடியில் சட்டென இறுகுவதில்தான். ஆரம்பத்திலிருந்தே இறுக்கிப் பிடித்தால் அந்த நொடியில் இறுகுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, பத்து நிமிடம் மெதுவான டிரைவ் (நெட்டை ஒட்டி நேராக அடிப்பது) அடித்து, வியர்வை அரும்பிய பின் கிளியர் அடித்துப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கோளாறு இதோடு தீர்ந்துவிடும். ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிக்கொள்ளுங்கள், தோள் சுழல இடம் வேண்டும்.

அடுத்தது டென்ஷன். குறைவாகப் போட்ட ஸ்ட்ரிங் காக்கை உள்வாங்கித் தள்ளும், வலு கூடும், திசை கொஞ்சம் தளரும். கூட்டிப் போட்டது திசையைக் கட்டுக்குள் வைக்கும், ஆனால் வலுவை நீங்களே கொடுக்க வேண்டும், நடுவில் சரியாகப் படாத அடி செத்துப்போகும். குளிரில் நைலான் ஸ்ட்ரிங் மேலும் விறைக்கும். கோவையில் 26 பவுண்டு போட்டு வாங்கிய பேட், ஊட்டியின் ஜனவரிக் காலையில் பலகையால் அடிப்பது போல இருக்கும்.

சேரிங் கிராஸ் பக்கம் ஸ்ட்ரிங் போடும் ஒருவரிடம் கல்லூரிப் பையன் ஒருவன் புது பேட்டை நீட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணா, 28 போடுங்க."

"எதுக்குத் தம்பி 28?"

"பெரிய பிளேயர்ஸ் எல்லாம் முப்பதுக்கு மேல போடுறாங்கண்ணா."

அவர் பதில் சொல்லாமல் பேட்டைத் திருப்பி, கூம்பில் இருந்த எழுத்தை விரலால் காட்டினார். அந்த பேட்டுக்கு அதிகபட்சமே 26 என்று போட்டிருந்தது. "இதைத் தாண்டினா ஃப்ரேம் போகும். 22 போட்டுத் தரேன். கிளியர் பேஸ்லைன் வரைக்கும் அலட்டாமப் போகுதான்னு பாரு. போச்சுன்னா அடுத்த தடவை ஒண்ணு கூட்டிக்கலாம்." பையன் முகம் சுருங்கியது. ஆனால் சரியான அறிவுரை அதுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆடுகிறவருக்கு 20 முதல் 24-க்குள் போதும், குளிர் மாதங்களில் வழக்கமாகப் போடுவதில் ஒரு பவுண்டு குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டும் சரியாக இருந்தும் கிளியர் விழுகிறதென்றால் மூன்றாவதாக ஷாஃப்ட். வீசும்போது ஷாஃப்ட் பின்னால் வளைந்து, காக்கைத் தொடும் தருணத்தில் நிமிர வேண்டும். அந்த நிமிர்தல்தான் இலவசமாகக் கிடைக்கும் வலு. ஸ்டிஃப் ஷாஃப்ட்டை வளைக்க வேகமான வீச்சு வேண்டும். நடுத்தர வீச்சுள்ளவர் கையில் அது வளையவே வளையாது. விலை உயர்ந்த பேட்டுகளில் பெரும்பாலானவை ஸ்டிஃப், எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற விக்டர் ஆக்சல்சன் பயன்படுத்திய யோனெக்ஸ் ஆஸ்ட்ராக்ஸ் 100 இசட்இசட் அப்படிப்பட்டது: ஹெட் ஹெவி, எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். 1.94 மீட்டர் உயரமுள்ள முழுநேர ஆட்டக்காரரின் வீச்சுக்கு அது வளையும். எஸ்டேட் ஆபீஸ் வேலை முடித்துவிட்டு மாலையில் இரண்டு கேம் ஆடுகிறவர் கையில் அது வெறும் விலை உயர்ந்த குச்சி. காசு கூடக் கொடுத்து வலுவைக் குறைத்துக்கொள்ளும் இந்த வியாபாரம் மலையிலும் சமவெளியிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. மீடியம் அல்லது ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்ட் உள்ள பேட்டை நண்பரிடம் இரவல் வாங்கி அதே கோர்ட்டில், அதே காக்கில் அடித்துப் பாருங்கள். கிளியர் ஒரு அடி கூடுதலாகப் போனாலும் விடை தெரிந்துவிட்டது.

"ஸ்மாஷ் நினைத்த இடத்தில் விழவில்லை, உயரமாகப் போகிறது"

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். வேகமான வீச்சு உள்ளவர் ஃப்ளெக்ஸிபிள் பேட்டை வைத்திருந்தால், கை வந்து சேர்ந்த பிறகுதான் பேட்டின் தலை வந்து சேரும். ஃப்ரேமின் முகம் இன்னும் மேல்நோக்கி இருக்கும்போதே காக் பட்டுவிடும். பள்ளி அணி, கல்லூரி அணிப் பையன்களிடம் இதை அதிகம் பார்க்கலாம்: பத்தாம் வகுப்பில் வாங்கிய லேசான பேட் அப்படியே இருக்கும், தோள் மட்டும் அகன்றுவிட்டிருக்கும். அவர்களுக்கு ஒரு படி விறைப்பு கூடிய ஷாஃப்ட் வேண்டும்.

அதற்கு முன் ஸ்ட்ரிங்கை விரலால் தள்ளிப் பாருங்கள். இழைகள் இடம் விட்டு நகர்ந்து, திரும்பத் தானாக நேராகாமல் கோணலாக நின்றால் டென்ஷன் போய்விட்டது என்று அர்த்தம். அறாமல் இருக்கிறதே என்று ஒரே ஸ்ட்ரிங்கை ஒன்றரை வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. சிக்கனம்தான், ஆனால் அந்த ஸ்ட்ரிங்கில் திசையை எதிர்பார்க்காதீர்கள்.

மலையில் இன்னொன்றும் உண்டு. லேசான காற்றில் காக் சீக்கிரம் தணியாது, அதனால் கீழே சரியாக விழும் ஸ்மாஷ் மேலே கொஞ்சம் நீளமாகப் போகும். காக்கை இன்னும் அரை அடி முன்னால் எடுங்கள்.

"டபுள்ஸில் டிபன்ஸ் பிந்துகிறது"

எதிராளி உடம்புக்கு நேராக அடிக்கிறார், பேட் இடுப்பருகிலேயே இருக்கிறது, காக் தாண்டிப் போய்விட்டது. மலையில் காக் வேகம் தணியாமல் வருவதால் இந்தத் தொல்லை சமவெளியை விட இங்கே கூடுதல். கனமான தலை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஹெட் ஹெவி பேட் வைத்திருந்தால் மாற்றுவதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். கிரிப்பின் மேல் சுற்றும் மெல்லிய பட்டையான ஓவர்கிரிப் ஒன்று சுமார் 5 கிராம் இருக்கும். அதைக் கைப்பிடியில் கூடுதலாகச் சுற்றினால் சமநிலைப் புள்ளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கைப்பக்கம் இறங்கும். 298-ல் நின்ற பேட் 288-க்கு வந்துவிடும், அதாவது ஹெட் ஹெவி ஈவன் ஆகிவிடும். பென்சிலில் வைத்து முன்னும் பின்னும் அளந்து பாருங்கள், கண்ணாலேயே தெரியும். பிடி தடித்துவிட்டது என்றால் உள்ளே இருக்கும் பழைய தடிமனான கிரிப்பைக் கழற்றிவிட்டு மெல்லியதாக இரண்டு சுற்றுங்கள்.

அப்படியும் பிந்தினால் 4யூ அல்லது 5யூவில் ஈவனோ ஹெட் லைட்டோ பாருங்கள். டபுள்ஸில் முன்னால் நெட்டில் நிற்கிறவர், பின்னால் நின்று அடிக்கிறவர் இருவருக்கும் ஒரே பேட் தேவையில்லை. யோனெக்ஸ் 2018-ல் ஆஸ்ட்ராக்ஸ் 88-ஐ இரண்டாகப் பிரித்து வெளியிட்டதே இதற்காகத்தான்: டி என்பது பின்னால் அடிக்கிறவருக்கு, எஸ் என்பது முன்னால் பிடிக்கிறவருக்கு. உங்கள் ஜோடியில் யார் எங்கே அதிகம் நிற்கிறீர்கள் என்று ஒரு கேம் முழுக்க யாரையாவது கவனிக்கச் சொல்லுங்கள். பலரும் தங்களைப் பின்னால் அடிக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கோர்ட் வேறு சொல்லும்.

"ஸ்மாஷில் வெயிட்டே இல்லை, ஹெட் ஹெவி வாங்கலாமா?"

வாங்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 2023 ஏப்ரலில் ஜப்பானில் யோனெக்ஸின் ஆலை அரங்கில் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் பதிவானது. அவர் கையில் இருந்தது நானோஃப்ளேர் 1000 இசட், ஹெட் லைட் பேட். வலுவுக்குத் தலைக்கனம் ஒரு வழி, வேகமான வீச்சு இன்னொரு வழி. மெதுவாக, நீளமாக வீசுகிறவருக்குத் தலைக்கனம் உதவும். சட்டென்று முன்கையால் வெட்டுகிறவருக்கு லேசான தலை உதவும். எது உங்கள் வீச்சு என்று தெரியாவிட்டால் ஈவன் பேலன்ஸ் 4யூ வாங்குங்கள்.

பேட் வாங்காமல் சோதிக்கவும் வழி உண்டு. ஃப்ரேமின் உச்சியில் ஒரு கிராம் அளவுக்கு லெட் டேப் (ஈயப் பட்டை) ஒட்டினால் சமநிலை சுமார் 4 மில்லிமீட்டர் தலைப்பக்கம் ஏறும். இரண்டு கிராம் ஒட்டி ஒரு வாரம் ஆடுங்கள். ஸ்மாஷ் ஏறி, மூன்றாவது கேமில் தோள் புகார் சொல்லவில்லை என்றால் ஹெட் ஹெவி உங்களுக்குத்தான்.

"ஸ்ட்ரிங் அடிக்கடி அறுகிறது"

எங்கே அறுகிறது என்று பாருங்கள், அதுவே பாதி விடை.

நடுவில் அறுந்தால் தேய்மானம், பேட் மேல் குறையில்லை. ஃப்ரேம் ஓரத்தில் அறுந்தால் காக் ஓரத்தில் படுகிறது: நேரம் தவறுகிறது, அல்லது டென்ஷன் உங்களுக்கு அதிகம். எப்போதும் ஒரே துளையருகே அறுந்தால் அங்கே இருக்கும் குரோமெட்டைப் பாருங்கள். ஸ்ட்ரிங் ஃப்ரேமில் உரசாமல் இருக்க ஒவ்வொரு துளையிலும் செருகியிருக்கும் பிளாஸ்டிக் குழாய் அது. நகத்தால் தொட்டாலே வெட்டுப்பட்டது தெரியும். புதிதாகப் போட அதிகச் செலவில்லை, ஸ்ட்ரிங் போடும்போதே மாற்றச் சொல்லிவிடுங்கள்.

ஆட ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில், அதுவும் டிசம்பர், ஜனவரி காலையில் மட்டும் அறுகிறதென்றால் குளிர்தான் காரணம். விறைத்த நைலான் முதல் ஸ்மாஷிலேயே போகும். பேட் பையை இரவில் பைக்கிலோ வராந்தாவிலோ விடாமல் வீட்டுக்குள் வையுங்கள், முதல் பத்து நிமிடம் மெதுவாக ஆடுங்கள். மெல்லிய ஸ்ட்ரிங் விருப்பமென்றால் அதை ஏப்ரல், மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். யோனெக்ஸ் ஸ்ட்ரிங்குகளில் பிஜி66 அல்டிமேக்ஸ் 0.65 மில்லிமீட்டர், பிஜி65 0.70. அந்த 0.05 வித்தியாசம் கேட்கச் சின்னது, குளிர்காலத்தில் பணப்பையில் தெரியும்.

அறுந்தவுடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று. ஒரு இழை போனால் ஃப்ரேமில் இழுவிசை ஒரு பக்கமாகச் சாயும். ஊருக்குள் ஸ்ட்ரிங் போடும் ஆள் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார் என்று அப்படியே ஆணியில் மாட்டி வைத்தால் ஃப்ரேம் கோணலாகலாம், விரிசலும் விடலாம். கத்தரியால் நடுவிலிருந்து ஆரம்பித்து, நெடுக்கிலும் குறுக்கிலும் மாறி மாறி வெளிநோக்கி எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள்.

"முழங்கை வலிக்கிறது"

வலி நிற்கும் வரை ஆடாதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். பேட்டைப் பொறுத்தவரை சந்தேகப்பட வேண்டியவை மூன்று: ஸ்டிஃப் ஷாஃப்ட், அதிக டென்ஷன், கைக்கு ஒல்லியான பிடி. மூன்றும் சேர்ந்திருந்தால் காக் படும் அதிர்வு முழுக்கக் கைக்கே வரும். ஒல்லிப் பிடியை இறுக்கிப் பிடித்தே தீர வேண்டியிருக்கும், குளிரில் இன்னும் இறுக்கம். ஓவர்கிரிப் ஒன்று கூட்டுங்கள், டென்ஷனை இரண்டு பவுண்டு இறக்குங்கள். தோள் வலி என்றால் தலைக்கனத்தையும் பாருங்கள்.

"பிடி வழுக்குகிறது, பேட் கையில் சுழல்கிறது"

கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையில் தென்மேற்கு மழை, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. இரண்டு காலத்திலும் பைக்குள் வைத்த ஈர கிரிப் காயாது, மறுநாள் புளித்த வாடை வரும். கைப்பிடியின் உள்ளே இருப்பது மரம். ஈரம் இறங்கினால் ஊறும், கூம்பு லூஸாகும். ஆடி முடித்ததும் பையைத் திறந்து வையுங்கள். காய வைக்க ஹீட்டர் பக்கத்திலோ அடுப்பங்கரையிலோ சாய்க்காதீர்கள். ஓவர்கிரிப்பை அடிக்கடி மாற்றுங்கள், மழை மாதத்தில் டவல் கிரிப் நல்லது, ஆனால் அது கனம், சமநிலையை இன்னும் இறக்கிவிடும்.

"அடிக்கும்போது டக் டக் என்று சத்தம் வருகிறது"

பேட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சிறு துண்டு உருளும் சத்தம் என்றால் பெரும்பாலும் காய்ந்த பசையோ மரத்துகளோ, விட்டுவிடலாம். காக் படும்போது மந்தமான, உடைந்த சத்தம் என்றால் ஃப்ரேமைப் பாருங்கள். டபுள்ஸில் ஜோடியின் பேட்டோடு மோதிய இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கும். அந்த இடத்தை விரலால் தடவினால் முடியிழை போன்ற கோடு நகத்தில் தட்டுப்பட்டால் விரிசல். வெறும் பெயிண்ட் உரிசல் தட்டுப்படாது. விரிசல் விழுந்த கிராஃபைட்டில் திரும்ப ஸ்ட்ரிங் போட யாராவது தயார் என்றாலும் போடாதீர்கள், மெஷினிலேயே முறியும்.

எல்லாம் பார்த்தும் பேட்தான் காரணம் என்றால்

விலையை மறந்துவிட்டு மூன்றையும் இந்த வரிசையில் முடிவு செய்யுங்கள்: முதலில் விறைப்பு, அப்புறம் சமநிலை, கடைசியில் எடை. கடைகளில் இது தலைகீழாக நடக்கிறது, கையில் தூக்கிப் பார்த்து "லேசா இருக்கே" என்று வாங்கிவிடுகிறோம். என் கணிப்பில், நீலகிரியில் பொழுதுபோக்காக ஆடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு மீடியம் ஷாஃப்ட், ஈவன் பேலன்ஸ், 4யூ போதும். இங்கே காற்றே காக்கைக் கொண்டுபோய் விடுகிறது. பேட்டிடம் வலு கேட்பதை விட வேகமும் கட்டுப்பாடும் கேட்பதுதான் நியாயம். சிங்கிள்ஸ் மட்டும் ஆடி, வீச்சும் உள்ளவர் 3யூ, கொஞ்சம் ஹெட் ஹெவி, ஸ்டிஃப் போகலாம். இப்போதுதான் ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கு 5யூ, ஃப்ளெக்ஸிபிள். அடிக்கடி கோவை, திருப்பூர் என்று போட்டிக்கு இறங்குகிறவர் கீழே ஆடிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஊட்டியில் அருமையாகத் தோன்றும் ஹெட் லைட் பேட் அங்கே கிளியருக்குத் திணறும்.

இரவல் பேட்டில் சோதிக்கும்போது கை சோராமல் இருக்கும் முதல் கேமை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்றாவது கேமில், புள்ளி 15-ஐத் தாண்டிய பிறகு பேக்ஹேண்ட் கிளியரும் உடம்புக்கு நேராக வரும் ஸ்மாஷும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். பிடித்திருந்தால் அதே மாடலை அதே எடையில் கேளுங்கள். 4யூ இல்லை, 3யூ இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த சரக்கு வரும் வரை பொறுத்திருங்கள்.